இருபத்து மூன்றாம் வாரம்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். பதினாறு வீட்டுக்காரர்கள் அதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். அந்தப் பதினாறு வீட்டிலும் அதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. முப்பத்து நான்கு வருஷமாக அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அது ஒருநாளும் நடக்கவே இல்லை. நடக்காத அதை நம்பி ஒரு மனிதர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். அது என்ன? யோசித்துக்கொண்டிருங்கள், அவசரமில்லை. விடை தெரிந்தவள் ஒரே ஒருத்தி. அவள் இப்போது மடிப்பாக்கத்தில் ஒரு இரண்டாவது மாடி வீட்டின் கூடத்தில், தரையில் செய்தித்தாளை விரித்து, நாளைக்கு வேண்டிய முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பெயர் பவானி. வயது நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணியாக இரண்டு நிமிஷம்.

அவளுக்கு எதிரே டிவி, டிவிக்கு இரண்டடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அப்பா சிங்காரவேலு. எண்பத்தொரு வயதில் அவருக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிவிட்டது, ஓரத்தால்தான் பார்ப்பார், அதனால் டிவி பார்க்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, யாரிடமோ கோபித்துக்கொண்டவர்போல இருப்பார். சோபாவில் காலை மடக்கிக்கொண்டு தாரிணி, பவானியின் மகள், பதினொரு வயது, மடியில் போன். எல்லாரும் காத்திருப்பது ஒரு காட்சிக்காக. வேங்கைமலைக் கோட்டை என்று அந்தக் காலத்தில் ஞாயிறு காலையில் ஒரு சரித்திரத் தொடர் வந்தது, அதைத்தான் இப்போது புதிதாக எடுத்து சனி ஞாயிறு மாலையில் போடுகிறார்கள், ஒன்பது வாரமாகப் போடுகிறார்கள், ஒன்பது வாரமாகப் பவானி ஞாயிறு மாலையில் கைக்கு ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள். பகை நாட்டுக் கோட்டையில் சிறைப்பட்ட இளவரசன் ஆதன், அவனுக்கு அம்மா எழுதிய ஓலையைக் கஞ்சிக் கலயத்தின் அடியில் ஒளித்துக் கொண்டுவரும் சமையல்காரன் பொன்னன், ஓலை வந்தது எப்படி என்று கேட்டு நிற்கும் காவல்காரன். யார் கொண்டுவந்தது என்று சொல், உன்னை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்பான் காவல்காரன். இளவரசன் சொல்ல மாட்டான். கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போ என்பான். அவ்வளவுதான் காட்சி. இன்றைக்கு அதுதான் வரப்போகிறது என்று முன்னோட்டத்தில் சிறைச்சாலையைக் காட்டிவிட்டார்கள். கீரைக்காம்பை நுனியில் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுத்தால் இலையெல்லாம் கையோடு வரும், பழுத்தது மட்டும் காம்பிலேயே தங்கும், பவானி பழுத்ததைப் பொறுக்கித் தனியே போடுகிறாள், பொறுக்கியதையே மறுபடி பொறுக்குகிறாள். டைட்டில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பழையதில் ஒற்றைப் புல்லாங்குழல். இதில் நூறு பேர் சேர்ந்து எதற்கோ கத்துகிறார்கள்.

கத்தட்டும். கோட்டை வருகிறது, கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டை, அதைச் சுற்றி ஏழு பறவைகள், போன வாரமும் அதே ஏழு, அதே வட்டம், ஒன்றுக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டு போகும் பழக்கம், அதையும் மாற்றவில்லை. அரசி அழுகிறாள், கண்ணிமை மயிர் கலையாமல் அழுகிறாள். அமைச்சர் ஒரு வார்த்தை சொல்கிறார், உடனே சபையில் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் இடி முழக்கத்தோடு மூன்று முறை காட்டுகிறார்கள். அப்பாவுக்கு முகம் தெரியாது, இடி மட்டும் கேட்கும், ஒவ்வொரு இடிக்கும் தோளை லேசாகக் குறுக்குவார், பிறகு, யாரும்மா செத்தது என்பார். யாரும் சாகலப்பா, மந்திரி பேசினாரு. ஓகோ. பழையதில் இளவரசனுக்கு ஒன்பது வயது, முன்பல் ஒன்று விழுந்த வாய், அந்த ஓட்டை வழியாகக் காற்றுப் போகும், அதனால் அவன் மெதுவாகத்தான் பேசுவான். இந்த இளவரசனுக்குப் பதினைந்து இருக்கும், தலையில் எதையோ தடவி நிமிர்த்தியிருக்கிறார்கள், ஒரு மாதச் சிறைவாசத்துக்குப் பிறகும் மார்பில் எண்ணெய் மின்னுகிறது. தாரிணியின் மடியில் போன் நிற்காமல் அதிர்கிறது. சி பிளாக் சொந்தங்கள் என்று ஒரு குழு, அந்தப் பதினாறு வீட்டில் வளர்ந்தவர்கள் இப்போது பதினாறு ஊரில் இருந்துகொண்டு இந்தத் தொடரைத் திட்டுவதற்கென்றே சேர்ந்திருக்கிறார்கள். பவானியின் போன்தான், ஆனால் ஞாயிறு மாலை ஏழு முதல் எட்டு வரை அவள் அதைத் தொடுவதில்லை, தாரிணிதான் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுவாள். வாசிக்கிறாள். ஆறாம் வீட்டு ரமணி மாமா, இவன் இளவரசன் இல்லை, ஜிம் மாஸ்டர் என்று போட்டிருக்கிறாராம். பதினோராம் வீட்டு மேரி ஆன்ட்டி, அந்த ஒரு காட்சியையாவது கெடுக்காமல் இருந்தால் போதும், மீதியை மன்னித்துவிடலாம் என்கிறாராம். ஆமாம் ஆமாம் என்று அப்பா சுவரைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அந்த ஒண்ணை மட்டும் இவனுங்க தொடாம இருக்கணும்.

அந்த ஒன்று. தொடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது. இருபத்து மூன்றாம் வாரம், ஒன்பதரைக்குத் தொடர், ஒன்பது இருபத்தைந்துக்கு மின்சாரம் போய்விட்டது. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற அனல்மின் நிலையத்தின் குடியிருப்பில், அதில் வேலை செய்கிறவர்கள் வீட்டில், ஒன்றேகால் மணி நேரம் மின்சாரம் இல்லை. அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லித்தான் சிரித்தார்கள், சிரித்தாலும் ஆத்திரம். பவானி அப்போது அங்கே இல்லை. அவளுக்குக் காதில் சீழ், அம்மா அவளை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள், ஞாயிற்றுக்கிழமையிலும் பார்க்கிற டாக்டர் அங்கேதான் இருந்தார். காதில் மருந்தும் பஞ்சுமாகத் திரும்பும்போது பஸ் நிலையத்துக்கு எதிரே டிவி விற்கிற கடை, ஞாயிறானதால் பாதி ஷட்டர், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குள் சத்தம் இருந்திருக்கலாம், வெளியே வரவில்லை, வந்திருந்தாலும் பஞ்சடைத்த காது. குனிந்து பார்த்தாள். இளவரசன் உட்கார்ந்திருக்கிறான். கதவு திறக்கிறது. காவல்காரன் கையில் கலயம், கலயத்தைக் கவிழ்க்கிறான், வாயசைக்கிறான். இளவரசன் நிமிர்ந்து பார்க்கிறான். பஸ் வந்துவிட்டது. பவானீ என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான் பார்த்தது. அவன் நிமிர்ந்து பார்த்த முகம், வாய் திறக்கப்போகிற மாதிரி ஒரு பள்ளம், அதோடு பஸ். குடியிருப்பு வாசலில் இறங்கினால் தண்ணீர்க் குழாயடியில் பாதி சி பிளாக் நிற்கிறது, டவுன்ல கரண்டு இருந்துச்சா, இருந்துச்சு, நீ பார்த்தியா புள்ள. பன்னிரண்டு வயது. படிப்பில் நடுவாந்தரம், பாட்டு வராது, விளையாட்டில் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். அத்தனை முகம் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்து அவள் கண்டதில்லை. பார்த்தேன் என்றாள்.

பார்த்தேன். அது பொய்யும் இல்லை, பார்த்தாள்தானே, ஒரு நிமிஷம் பார்த்தாள்தானே. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை, வாயைத் திறந்தாள், வந்தது. காவல்காரன் என்ன கேட்டான், இளவரசன் எப்படிப் பேசாமல் இருந்தான், காவல்காரன் ஒவ்வொரு விரலாக நீட்டி எண்ணினான், வெளியே குதிரை ஒன்று கனைத்தது, அது அவனை வீட்டுக்குக் கொண்டுபோக நின்ற குதிரை. கதவைச் சாத்திவிட்டுப் போ. அதைச் சொல்லும்போது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்து ஓடுகிறது, நிறுத்த ஆளில்லை. கூட்டத்துக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் மருந்துச் சீட்டு, தோளில் பை. அம்மாவுக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுத்தவளே அவள்தான். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு பஞ்சை மாற்றும்போது மட்டும், அந்தக் காவல்காரனுக்கு என்ன பேரு வச்ச என்று கேட்டாள். வச்ச என்று கேட்டாள், என்ன பேரு என்று கேட்கவில்லை. மாடன் என்றாள் பவானி. அம்மா, ம் என்றாள், விளக்கை அணைத்தாள். அடுத்த ஞாயிறு முன்கதைச் சுருக்கம் போடுவார்களே என்று ஏழு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. போட்டார்கள், ஒரு குதிரை ஓடியது, இளவரசன் வேறொரு கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தான், சிறைச்சாலை வரவே இல்லை. தப்பித்தாள். சமையல்காரன் பொன்னன் அதற்குப் பிறகு ஒரு வாரமும் வரவில்லை. என்ன ஆனான் என்று கேட்டார்கள். தப்பிச்சு ஊருக்குப் போயிட்டான், அதையும் அந்த வாரமே காட்டிட்டாங்க என்றாள். அது இரண்டாவது பொய், அது சுலபமாக வந்தது.

விளம்பரம். சலவைத்தூள். போன் அடிக்கிறது, தாரிணி தாத்தாவின் காதில் வைக்கிறாள், பேசுகிறவர் அந்தோணிமுத்து, பேச்சு கூடம் முழுக்கக் கேட்கும், அவருக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. சார், வந்துருச்சா. இன்னும் இல்ல அந்தோணி, இப்பத்தான் பொம்பளைங்கல்லாம் அழுது முடிச்சாங்க. வந்ததும் கூப்பிடுங்க சார், இங்க எங்க வீட்ல பேரப்பிள்ளைங்க கிரிக்கெட்டு வச்சுக்கிட்டு ரிமோட்ட தர மாட்டேங்குதுங்க. நீ ஒரு தட்டு தட்டு. தட்டுனா என்னையத் தட்டிருவானுங்க சார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பவானி கீரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தோணிமுத்து அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஹெல்பர், இருபத்திரண்டு வயது. ஒரு வால்வு திறந்தே கிடந்து மின்சாரம் எடுக்கும் யூனிட் ஒன்று இரண்டு நாள் நின்றுபோனது. திறந்து வைக்கச் சொன்னவர் மேலே இருந்தவர், சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஷிப்டில் இருந்த அப்பா, பழி போட வசதியாக இருந்தவன் அந்தோணிமுத்து. தப்பு அவன்மேல்தான் என்று காகிதத்தை அவர்களே எழுதிக்கொண்டு வந்தார்கள், அப்பா கீழே கையெழுத்து மட்டும் போட்டால் போதும், ஞாயிறு முழுக்க யோசித்து திங்களன்று போடலாம் என்று தயவு செய்தார்கள். அந்த ஞாயிறுதான் மின்சாரம் போன ஞாயிறு. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அப்பா சொல்லவில்லை. குழாயடிக் கூட்டத்தில் பின்வரிசையில் லுங்கியோடு நின்று மகள் சொன்ன கதையைக் கேட்டார். திங்களன்று கையெழுத்துப் போடவில்லை. இதை அவர் ஓய்வுபெற்ற விழாவில் மைக்கில் சொன்னார், பவானியின் கல்யாணத்தில் சம்பந்தியிடம் சொன்னார், அந்தோணிமுத்து தன் மகன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்கார வைத்தபோது அங்கேயும் சொன்னார்: எனக்கு என்ன தைரியம் இருந்துச்சு, ஒண்ணும் கிடையாது, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போயிருப்பேன், ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் கதவைச் சாத்திட்டுப் போன்னான், நானும் அதையேதான் சொன்னேன்.

அதையேதான் சொன்னார், அதற்குப் பிறகு கதவு சாத்திக்கொண்டது. மூன்றாம் மாதம் மாற்றல், மலைமேல் ஒரு நீர்மின் நிலையம், கம்பியால் மலைமேல் இழுக்கும் விஞ்ச் பெட்டியில் ஏறி இரண்டு மணி நேரம், மழை பிடித்தால் அதுவும் ஓடாது. பவானியின் படிப்புக்காக அம்மா குடியிருப்பிலேயே இருந்தாள், வருஷம் முடிந்ததும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று. வருஷம் முடியவில்லை. கீரை கையில் ஒட்டுகிறது, ஈரக்கீரை, இன்று மழையில் நனைந்தது, அன்றைக்கும் மழைதான், ஐப்பசி, அம்மாவுக்குக் காய்ச்சல், நாலாம் நாள் கண் மஞ்சள், பக்கத்து வீட்டுக்காரர்கள் அதுவரைக்கும் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள், அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா இருந்திருந்தால் இரண்டாம் நாளே தூக்கிக்கொண்டு போயிருப்பார். இருந்திருந்தால். மலைக்குப் போன் கம்பி அறுந்து கிடந்தது, தந்தி போய்ச் சேர இரண்டு நாள், அவர் வந்து சேர ஒரு நாள், அதற்குள் அம்மா போய்விட்டாள். அந்த மூன்று நாளில் ஒரு நாள் அம்மா பிதற்றினாள், மாடன்கிட்டச் சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்லு, கதவைத் திறக்கச் சொல்லு. சுற்றி நின்றவர்கள் சுடலைமாடனைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கோயிலுக்கு ஆள் அனுப்பித் திருநீறு கொண்டுவந்து நெற்றியில் பூசினார்கள். எந்த மாடன் என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பதின்மூன்று வயது, வாயைத் திறந்தாள், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பார்த்தேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால். இல்லை, அப்படி ஒரே கோடாகப் போகுமா, காய்ச்சல் தண்ணீரில் வந்தது, கதையில் வரவில்லை, அப்பா இருந்தும் போகிறவர்கள் போகிறார்கள், அந்தோணிமுத்துவுக்கு வேலை தங்கியது, அவருக்கு மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள், ரிமோட்டைத் தராத பேரப்பிள்ளைகள், அவர்களையும் இந்தப் பக்கம் வைக்க வேண்டும்தானே. வைத்துப் பார்க்கிறாள். முப்பத்து நான்கு வருஷமாக வைத்துப் பார்க்கிறாள், தராசு ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலாவது தூங்கலாம், அது நிற்பதே இல்லை.

இடி, இடி, இடி. யாரும்மா. யாரும் இல்லப்பா, தளபதி வந்திருக்காரு. தண்ணீர் கொண்டுவரப் பவானி எழுகிறாள், முழங்கால் பிடித்துக்கொள்கிறது, நாற்காலியைப் பிடித்து நிமிர்கிறாள். சமையலறையில் சொம்பை வைத்துக் குழாயைத் திறக்கும்போது பின்னால் தாரிணி வந்து நிற்கிறாள். அம்மா என்கிறாள். என்ன. பழையது எல்லாமே நெட்டுல இருக்கு, தெரியுமா. பவானிக்குத் தெரியும். புதிய தொடர் வரப்போகிறது என்றதும் யாரோ பழைய ஒளிநாடாக்களைத் தேடிப்பிடித்து ஏற்றிவிட்டார்கள், ஆறு மாதமாக இருக்கிறது, இருபத்து மூன்று என்று எண் போட்டு வரிசையில் இருக்கிறது, பவானியின் விரல் எத்தனையோ முறை அந்த எண்மேல் போய் நின்றிருக்கிறது, நின்று திரும்பியிருக்கிறது. தெரியும் என்றாள். தாத்தா சொல்ற அந்த சீன் எதுல வருதுன்னு நான் நேத்து தேடிப் பார்த்தேன். குழாய் ஓடுகிறது. சொம்பு நிரம்பிவிட்டது, நிறுத்த வேண்டும். அதுல அப்படி வரல, அம்மா. அவன் சொல்லிடறான். பொன்னன்தான் கொண்டுவந்தான்னு சொல்லிடறான். பொன்னனைக் கூட்டிட்டுப் போயிடறாங்க. அவன் அழறான், அவ்ளோதான். பவானி குழாயை மூடினாள். முப்பத்து நான்கு வருஷமாக அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைத் திறக்கப்போன மாதிரியே நின்ற பையன், திறந்துவிட்டான். ஒன்பது வயது, பல் விழுந்த பையன், அம்மாவிடம் போக வேண்டும் அவனுக்கு, வேறென்ன செய்வான். அதனால்தான் பொன்னன் மறுபடி வரவில்லை. ஆச்சரியமாக ஒன்றுமில்லை, இது தெரிந்த விஷயம்போலவே இருந்தது, ரொம்ப நாள் கழித்து வந்த கடிதத்தில் எதிர்பார்த்ததையே எழுதியிருந்ததுபோல. நீதானே தாத்தாவுக்குக் கதை சொன்னது, தாரிணி கேட்கிறாள், தாத்தா சொல்லுச்சு, கரண்டு போச்சு, உங்க அம்மாதான் வந்து எங்க எல்லாருக்கும் சொன்னான்னு. ஆமா என்றாள் பவானி. தாத்தாவிடம் சொல்லாதே என்று சொல்ல வாய் வரவில்லை, சொல் என்று சொல்லவும் வரவில்லை. எங்க அம்மாவும் இப்படித்தான் நின்னா என்று நினைத்தாள், பையும் சீட்டுமாக, கூட்டத்துக்கு வெளியே. போ, தாத்தாவுக்குத் தண்ணி குடு என்று சொம்பை நீட்டினாள்.

சிறைச்சாலை வந்துவிட்டது. பவானி மறுபடி செய்தித்தாள்முன் உட்கார்ந்துவிட்டாள், ஆய ஒன்றும் மிச்சமில்லை, ஆய்ந்ததைக் கையில் அள்ளி அள்ளி விடுகிறாள். அப்பா நாற்காலியை இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்து, தலையை நன்றாகத் திருப்பி, இடது கண்ணின் ஓரத்தை டிவிக்குக் கொடுத்திருக்கிறார். சொல்லிவிடலாம். இப்போதே, அது வருவதற்குள், அப்பா அது நான் கட்டினதுப்பா என்று ஒரு வாக்கியம், ஐந்து வினாடி ஆகாது. சொன்னால் என்ன ஆகும், எண்பத்தொரு வயதில் அவர் தன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியத்துக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பார், அங்கே ஒரு காது வலிக்காரச் சிறுமி நிற்பாள். பிறகு அம்மாவை நினைப்பார். எதற்காக என்று நினைப்பார். அவருக்கு அந்தக் கேள்வி இதுவரை வந்ததே இல்லை, நல்ல காரியம் செய்தோம், கஷ்டம் வந்தது, பொறுத்துக்கொண்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிற மனிதர், பகலிலும் தூங்குகிறார், அந்தத் தூக்கம் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தாலும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியுமா. பவானியின் கணவர் ஒருமுறை, உனக்கு எதைப் பார்த்தாலும் ஏன் களைப்பு என்று கேட்டார், இப்போது ஓசூரில் இருக்கிறார், மாதம் இரண்டு முறை வருவார், வந்தால் அதையே கேட்பார். காவல்காரன் கலயத்தைக் கவிழ்க்கிறான். ஓலை விழுவதை நான்கு கோணத்தில் காட்டுகிறார்கள். யார் கொண்டுவந்தது, சொல். பின்னணியில் நூறு பேர் கத்துகிறார்கள். எண்ணெய் மார்புப் பையன் நிமிர்கிறான், ஒரு கண்ணீர், அது கன்னத்தில் இறங்கும் வரை இசை. பொன்னன் என்கிறான். சமையல்காரன் பொன்னன். இடி.

போன் அதிர ஆரம்பித்தது, அதிர்ந்தபடியே சோபாவில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. தாரிணி எடுத்தாள், வாசிக்கவில்லை. அப்பாதான் முதலில் பேசினார், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சொல்லிட்டானா? சொல்லிட்டான் தாத்தா. நான்தான் சரியா கேக்கலையோன்னு பார்த்தேன். இல்ல தாத்தா, சொல்லிட்டான். அவர் தலையை டிவியிலிருந்து நேராகத் திருப்பினார், நேராகத் திருப்பினால் அவருக்கு ஒன்றும் தெரியாது, டிவியும் தெரியாது, முன்னால் உட்கார்ந்திருக்கும் மகளும் தெரியாது. இந்தப் பாவிங்க மத்த எதை வேணா மாத்தியிருக்கலாம் என்றார். இதை எதுக்கு மாத்துனானுங்க. பவானிக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வாரமாக இந்தத் தொடர் செய்யாத அநியாயமில்லை, கோட்டையைப் பொம்மையாக்கி, புல்லாங்குழலைப் பிடுங்கி, பல் விழுந்த பையனைத் துரத்திவிட்டு இவனைக் கொண்டுவந்து, இத்தனையும் செய்துவிட்டு இந்த ஒரு இடத்தில் மட்டும் பழையதை அப்படியே எடுத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் பதினாறு வீடும் அவர்களை அடிக்கப்போகிறது. அந்தோணிமுத்து கூப்பிடுகிறார், மணி அடிக்கிறது. எடுக்காத, இரு என்றார் அப்பா. அவன்கிட்ட என்னன்னு சொல்றது. முட்டியைத் தடவிக்கொண்டார். பவானி என்றார். என்னப்பா. ஒருவேளை நம்மதான் தப்பா ஞாபகம் வச்சிருக்கமா.

முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதைக் கேட்டார், அதட்டலாகக் கேட்கவில்லை, கண் டாக்டரிடம் இன்னும் எவ்வளவு நாளைக்குத் தெரியும் என்று கேட்டாரே, அந்தக் குரலில் கேட்டார். அவர் கேட்டது இளவரசனைப் பற்றி இல்லை. திங்கட்கிழமை நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்கிறார், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதற்கு என்று கேட்கிறார், அவருக்கே அது இன்னும் தெரியவில்லை, இன்னும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். கட்டில் கால், மஞ்சள் கண், திருநீறு. ஒன்றும் வரவில்லை. கையில் கீரை இருந்தது, அதைக் கீழே வைத்தாள். பழசு இப்ப போன்ல எல்லாம் இருக்குன்னு ரமணி சொன்னானே என்றார் அப்பா. பாப்பா, உனக்குத் தெரியுமா. நீ அதைப் பார்த்தியா. தாரிணி தாத்தாவைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள், அதிக நேரம் இல்லை, ஒரு காம்பை இழுத்து இலையை உருவுகிற நேரம். பவானி எந்தச் சைகையும் காட்டவில்லை. காட்ட நினைத்திருந்தாலும் எந்தச் சைகை என்று தெரியவில்லை. டிவியில் பொன்னனை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தோணிமுத்துவின் மணி அடித்து ஓய்ந்தது.

தாரிணி, பார்த்தேன் என்றாள். பழையதில் அவன் பெயரைச் சொல்வதில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போ என்றுதான் சொல்கிறான் என்று தாத்தாவிடம் சொன்னாள். பிறகு அந்தோணிமுத்துவின் எண்ணை அழுத்தி, போனை அவர் காதில் வைத்தாள்.